சந்தேகத்தின் பலன் யாருக்கு? சாந்தியின் பறிபோன பதக்கமும் காவிரிப் படுகையின் வீரர்களும்

2006 டிசம்பர் 9. கத்தாரின் தோகா நகரில் நடைபெற்ற பதினைந்தாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்று. பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால் முதலிடம் பெற்றார். 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி இரண்டாமிடம் பெற்றவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். மூன்றாவதாக வந்த கசகஸ்தான் வீராங்கனைக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி நொடியின் நூற்றில் மூன்று பங்கு.

அந்த வெள்ளிப் பதக்கம் சில நாள்கள்கூட அவரிடம் நிலைக்கவில்லை. பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்று அறிவிக்கப்பட்டது. இந்திய ஒலிம்பிக் சங்கம் பதக்கத்தைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது. பெற்ற மகளைப் பற்றிய செய்தியைக் கத்தக்குறிச்சி தொலைக்காட்சியில் பார்த்தது. அப்பதக்கம் இன்றுவரை அவருக்குத் திரும்பவில்லை.

நாட்டின் சீருடை அணிந்து பன்னாட்டுக் களத்தில் நிற்கும் ஒருவர்மீது ஐயம் எழுந்தால், அந்த நாடு அவருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது? சாந்தியின் வழக்கை முன்வைத்து இக்கேள்விக்குச் சட்டம் தரும் விடைகளையும், காவிரிப் படுகையில் இன்று ஓடிப் பழகும் தலித் பிள்ளைகளுக்கு அவை ஏன் தேவை என்பதையும் இக்கட்டுரையில் தொகுத்திருக்கிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாந்தியின் உடல் குறித்த மருத்துவ விவரங்கள் எதையும் நாங்கள் எழுதப்போவதில்லை. அவற்றை ஊரறியப் பேசியதே அவருக்கு இழைக்கப்பட்ட முதல் அநீதி.

கத்தக்குறிச்சியிலிருந்து தோகாவுக்கு

புதுக்கோட்டை மாவட்டம் 1974இல் பழைய திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து அமைக்கப்பட்டது. கல்லணைக் கால்வாயின் கடைமடை அறந்தாங்கிப் பகுதியில் முடிகிறது. எஞ்சிய பெரும்பகுதி ஏரியையும் மழையையும் நம்பிய மேட்டுநிலம். நீர் பாயும் தஞ்சை வயல்களில் தலித்துகள் பண்ணையாள்களாகக் கட்டுண்டிருந்தார்கள் என்றால், நீர் எட்டாத மேட்டுநிலத்தில் அவர்களுக்குக் கிடைத்தது செங்கல் சூளை. முன்பணம் வாங்கி, குடும்பத்தோடு சூளையில் தங்கி, அறுத்த கல்லுக்குக் கூலி பெறும் வாழ்க்கை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் மீட்கப்படுவோரில் சூளைத் தொழிலாளர்கள் இன்றும் இடம்பெறுகிறார்கள்.

சாந்தியின் பெற்றோர் அத்தகைய சூளைத் தொழிலாளர்கள். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் சாந்தி. ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. பள்ளிப் போட்டிகளில் வென்று, கல்லூரியில் இடம்பெற்று, மாநில, தேசியப் போட்டிகளைக் கடந்து 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். தோகா அதற்கடுத்த ஆண்டு.

தோகாவில் தம்மைச் சோதித்தபோது தமக்குப் புரியும் மொழியில் எதுவும் விளக்கப்படவில்லை என்று அவர் பின்னாளில் நேர்காணல்களில் கூறியிருக்கிறார். பதக்கம் பறிபோன பின்னரும் தமிழ்நாட்டின் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அவருக்கு 15 இலட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்கினார். அது மாநிலம் அளித்த மரியாதை. பதக்கத்துக்கான நீதியை அதனால் பெற்றுத்தர இயலவில்லை. புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கிய சாந்தி, 2012இல் நாளொன்றுக்கு 200 ரூபாய் கூலிக்கு மீண்டும் செங்கல் சூளையில் வேலை செய்கிறார் என்ற செய்தி வெளியானது. அதன் பிறகே அரசுகள் அசைந்தன. பெங்களூருவில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்தார். தற்காலிகப் பணியில் இருந்தார். 2016இல் தமிழ்நாடு அரசின் நிரந்தரத் தடகளப் பயிற்சியாளர் ஆனார். பதக்கத்துக்கும் நிரந்தர வேலைக்கும் இடையே பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

‘சந்தேகம்’ என்ற சொல்

பெண் விளையாட்டு வீரர்களின் பாலினத்தைச் சோதிக்கும் வழக்கம் 1960களில் தொடங்கியது. 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் பெண்கள் மருத்துவர்கள் முன் ஆடையின்றி நிற்க வைக்கப்பட்டனர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலிருந்து குரோமோசோம் சோதனை வந்தது. ஸ்பெயினின் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினஸ் பத்தினோ 1985இல் ஜப்பானின் கோபே நகரில் இச்சோதனையால் விலக்கப்பட்டார்; போராடி 1988இல் தகுதியை மீட்டார். சோதனையின் அறிவியல் அடித்தளம் கேள்விக்குள்ளானதால் சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு 1992இலும் சர்வதேச ஒலிம்பிக் குழு 1999இலும் கட்டாயச் சோதனையைக் கைவிட்டன.

ஆகவே 2006இல் எல்லாப் பெண்களுக்கும் பொதுவான சோதனை என்று ஒன்று இல்லை. அவ்வாண்டின் தடகளக் கூட்டமைப்புக் கொள்கை, ஒரு வீராங்கனைமீது ‘சந்தேகம்’ எழுந்தாலோ எவரேனும் ஆட்சேபித்தாலோ அவரை மருத்துவக் குழுவின் முன் அனுப்பலாம் என்றது. அக்குழுவில் மகப்பேறு மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி நிபுணர், உளவியலர், பொது மருத்துவர், பாலின வல்லுநர் ஆகியோர் இருக்க வேண்டும் என்றும் வகுத்திருந்தது. பெண்களுக்கு இயல்பாக அமையும் உடல் வேறுபாடுகளில் எவை போட்டிக்குத் தடையாகா என்ற பட்டியலும் அதில் உண்டு. அதாவது, ஒரு சோதனையின் முடிவு அதுவாகவே தகுதியிழப்பு ஆகிவிடாது. அதை ஆய்ந்து முடிவெடுக்க வேண்டிய நடைமுறை ஒன்று எழுத்தில் இருந்தது.

நாங்கள் வழக்காடும் கீழத்தஞ்சைப் பகுதியில் ‘சந்தேகம்’ என்ற சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். கீழ்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செல்வமும் செல்வாக்கும் உடையவர்கள் தாமே நேரில் நடந்து சென்று தீவைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற கண்ணோட்டம் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. குற்றவியல் சட்டத்தில் சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே உரியது. அந்தக் கோட்பாட்டை நாங்கள் மதிக்கிறோம். எங்கள் கட்சிக்காரர்கள் பலரைக் காத்ததும் அதுவே. எங்கள் கேள்வி வேறு. மிராசுதாருக்குத் தயக்கமின்றிக் கிடைத்த அந்தப் பலன், எந்தக் குற்றமும் செய்யாத, எந்த ஊக்கமருந்தும் உட்கொள்ளாத ஒரு சூளைத் தொழிலாளியின் மகளுக்கு ஏன் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை?

பின்னால் யார் நின்றார்கள்?

சோதனைக்கு ஆளானவர் சாந்தி மட்டுமல்லர். மற்றவர்களின் வழக்குகளோடு ஒப்பிடும்போது அவருக்குக் கிடைக்காதது எது என்பது தெளிவாகும்.

தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 2009 பெர்லின் உலகப் போட்டியில் இதே 800 மீட்டரில் தங்கம் வென்றபோது அவரும் சந்தேகிக்கப்பட்டார். அந்நாட்டு அரசு வெளிப்படையாக அவர் பக்கம் நின்றது. அவர் தம் பதக்கத்தை வைத்துக்கொள்வார், சோதனை விவரங்கள் இரகசியமாகவே இருக்கும் என்று அவ்வாண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பின்னர் 2018இல் கொண்டுவரப்பட்ட புதிய விதிகளை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கை விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் 2019 மே 1 அன்று தள்ளுபடி செய்தது. ஆனால் அவர் ஓயவில்லை. அவருடைய மேல்முறையீட்டை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து நீதிமன்றம் நியாயமான விசாரணைக்கான அவரது உரிமையை மீறிவிட்டது என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரமர்வு 2025 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது.

ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்த டூட்டி சந்த் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குச் சற்றுமுன் விலக்கப்பட்டார். இம்முறை இந்திய விளையாட்டு ஆணையம் அவருக்குத் துணைநின்றது. கனடா வழக்கறிஞர்கள் கட்டணமின்றி வழக்கை நடத்தினர். 2015 ஜூலை 24 அன்று நடுவர் நீதிமன்றம் அன்றைய ஹார்மோன் விதிகளை நிறுத்திவைத்தது. டூட்டி 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் இரண்டு வெள்ளி வென்றார்.

அதே நாடு, அதே ஆசியப் போட்டி, அதே நிறப் பதக்கம். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். டூட்டிக்கு வழக்கறிஞரும் நிதியும் அமைப்பும் இருந்தன. சாந்தியிடம் பதக்கத்தைக் கேட்டு வாங்கியது அவர் நாட்டின் அமைப்பே.

வெற்றியின்போது நாட்டின் மகள், தடுமாறினால் சேரியின் மகள் என்ற இந்த நிலை பாலினச் சோதனையோடு முடிவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவரே. ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றதும், ஹரித்வார் அருகே அவர் வீட்டின் முன் பட்டாசு வெடித்து, தலித்துகளை அணியில் சேர்த்ததால்தான் தோல்வி என்று குடும்பத்தாரை இழிவுபடுத்தினர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. அணியில் பதினாறு பேர் ஆடினார்கள். தோல்விக்கான பொறுப்பு ஒரே வீட்டின் வாசலில் வைக்கப்பட்டது.

2006இல் எந்தச் சட்டம் துணைநின்றிருக்கும்?

சாந்திக்குச் சட்டவழி இல்லாமலில்லை. அதைக் காட்ட ஆளில்லை. அன்று திறந்திருந்த கதவுகள் குறைந்தது மூன்று.

முதலாவது, அரசமைப்பின் 226ஆம் உறுப்பு. இந்தியக் கிரிக்கெட் வாரியம் 12ஆம் உறுப்பின் பொருளில் ‘அரசு’ அன்று எனினும், பொதுப்பணி ஆற்றும் விளையாட்டு அமைப்பின்மீது உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரலாம் என 2005 பிப்ரவரியில் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. விளக்கம் கேட்காமல், அறிக்கையின் நகல் தராமல், பதக்கத்தை ஒப்படைக்கச் சொன்ன கடிதத்தை இயற்கை நீதிக்கு முரணானது என அவ்வழியில் எதிர்த்திருக்க முடியும்.

இரண்டாவது, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம். வேறு காலவரம்பு குறிப்பிடப்படாத நிலையில் அங்கு மேல்முறையீடு செய்ய இருப்பது 21 நாள். கத்தக்குறிச்சியில் செய்தியாளர்கள் முற்றுகையிட்ட வீட்டுக்குள் இருந்த ஒரு பெண்ணுக்கு அந்த 21 நாள் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதைச் சொல்ல எவரும் இல்லை.

மூன்றாவது, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். அதன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெண்களும் குழந்தைகளும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். சாந்தி இரு வகையில் தகுதி பெற்றவர். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் இந்த ஆணைக்குழு விளையாட்டு வீரர்களுக்கும் உரியது என்பதை இன்றும் எங்கள் பகுதிப் பயிற்சியாளர்கள் பலர் அறிந்திருக்கவில்லை.

பின்வந்த தீர்ப்புகள் இந்த உரிமைகளை மேலும் உறுதிப்படுத்தியுள்ளன. பாலின அடையாளத்தை உடற்கூற்றுச் சோதனையால் தீர்மானிக்க வற்புறுத்தலாகாது என்பதை 2014 ஏப்ரல் 15இன் நால்சா தீர்ப்பு கூறியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக அறிவித்தது. ஒருவரின் மருத்துவ அறிக்கையைத் தொலைக்காட்சிக்குக் கசியவிடுவது இன்று அரசமைப்பின் 21ஆம் உறுப்பை மீறும் செயலாகக் கேள்விக்குள்ளாகும்.

ஆனால் புதிய இடைவெளி ஒன்றும் தோன்றியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், விளையாட்டுத் தகராறுகளுக்கெனத் தேசியத் தீர்ப்பாயம் ஒன்றை அமைக்கிறது. ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் போன்ற போட்டிகளின்போது எழும் தகராறுகள் அதன் அதிகார வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. தோகாவில் நிகழ்ந்தது நாளை மீண்டும் நிகழ்ந்தால், வீராங்கனை மறுபடியும் லொசான் நோக்கியே செல்ல வேண்டும். அவ்வளவு தூரம் செல்ல அவருக்குத் துணை யார் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

ஏன் இப்போது?

2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தரவரிசைக்கான தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் கலந்துகொள்ள எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனையை உலகத் தடகள அமைப்பு கட்டாயமாக்கியிருக்கிறது. கன்னத்தின் உட்புறச் சளியிலோ இரத்தத்திலோ எடுக்கும், வாழ்நாளில் ஒருமுறை செய்யும் சோதனை. சந்தேகிக்கப்பட்டவருக்கு மட்டும் என்றிருந்த நிலை மாறி, எல்லாப் பெண்களுக்கும் என்றாகியிருக்கிறது. இது பாகுபாட்டைக் குறைக்கும் என்று சிலர் வாதிடலாம். சோதனை எல்லோருக்கும் பொதுவாகலாம். அதன் முடிவு எதிராக வரும் நாளில் வீட்டில் மரபியல் மருத்துவரையும் வழக்கறிஞரையும் அழைக்க வசதியுள்ள குடும்பமும் சூளைக் குடும்பமும் பொதுவாகிவிடுவதில்லை.

இது தொலைவில் நடக்கும் செய்தி அன்று. காவிரிப் படுகை இன்று பன்னாட்டுக் களங்களுக்கு வீரர்களை அனுப்பும் பகுதி. லால்குடியின் ஆரோக்கிய ராஜீவ் 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றார். திருவாரூர் மாவட்டம் பேரளத்தைச் சேர்ந்த ராஜேஷ் ரமேஷ், திருச்சியில் ரயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றிக்கொண்டே ஓடி, 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் 4×400 தொடரோட்டத் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்றார். மன்னார்குடி வட்டம் வடுவூரின் அபினேஷ் மோகன்தாஸ் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடினார். அவருக்கும் பெண்கள் அணியின் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் முதலமைச்சர் தலா 25 இலட்சம் ரூபாய் வழங்கினார். இந்த வெற்றிகளைப் பார்த்துக் களத்துக்கு வரும் பிள்ளைகளில் சேரிகளின் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அவர்கள் லொசானுக்கு முன் கடக்க வேண்டிய முதல் தடை உள்ளூர்த் திடல். படுகையின் கிராமங்களில் நஞ்சை நிலம் வரப்புவரை சாகுபடியாவதால் பொதுத் திடல் அரிது. இருப்பதும் பெரும்பாலும் ஊர்ப்பக்கம். அறுவடை முடிந்த தரிசில் கோடு கிழித்து ஆடும் சேரிப் பிள்ளைகள், அடுத்த நடவு தொடங்கியதும் களமிழக்கிறார்கள். பொதுத் திடலில் ஆடக்கூடாது என்று தடுப்பது சட்டப்படி என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவைக்க விரும்புகிறோம். அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு, அரசு நிதியில் பேணப்படும் அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பொதுவிடங்களில் சாதியின் பெயரால் தடைவிதிப்பதை விலக்குகிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு, ஒரு பகுதியின் பொதுவளங்களைப் பிறரோடு சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பொதுத் திடல் இப்பிரிவில் அடங்கும் என்பதே எங்கள் வாதம்.

நாங்கள் முன்வைக்கும் கோரிக்கைகள்

ஒன்று: இந்திய அணியில் தேர்வாகும் ஒவ்வொருவருக்கும், எந்தச் சோதனைக்கு முன்பும், அதன் நோக்கமும் விளைவும் அவருடைய தாய்மொழியில் எழுத்திலும் பேச்சிலும் விளக்கப்பட வேண்டும். ஒப்புதல் கையெழுத்து அதன் பிறகே பெறப்பட வேண்டும்.

இரண்டு: தகுதி குறித்து ஐயம் எழுந்தால், மேல்முறையீட்டுக் கெடு முடியும்வரை பதக்கத்தைத் திருப்பக் கேட்கும் கடிதம் எதையும் நாட்டின் ஒலிம்பிக் சங்கம் அனுப்பக் கூடாது. நடுவர் நீதிமன்றச் செலவை ஒன்றிய அரசு ஏற்க வேண்டும். டூட்டிக்கு ஒருமுறை செய்தது எல்லோருக்கும் விதியாக வேண்டும்.

மூன்று: மருத்துவ விவரங்களைக் கசியவிடும் அலுவலர்மீது துறை நடவடிக்கையோடு இழப்பீட்டுப் பொறுப்பும் சுமத்தப்பட வேண்டும்.

நான்கு: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள், தஞ்சை அன்னை சத்யா விளையாட்டரங்கம், மயிலாடுதுறை விளையாட்டு ஆணையப் பயிற்சி மையம் போன்ற இடங்களில் வீரர்களுக்கான சட்ட உதவி முகாம்களை நடத்த வேண்டும்.

ஐந்து: ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென 2024இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தின்கீழ், திடலற்ற சேரிகளுக்கு நிலம் கையகப்படுத்தி ஓட்டக்களமும் பெண்களுக்கான உடைமாற்றும் அறையும் அமைக்க நிதி ஒதுக்க வேண்டும்.

ஆறு: சாந்தியின் தகுதியிழப்பை, அன்றைய விதிகளின் நடைமுறை பின்பற்றப்பட்டதா என்ற ஒரே அளவுகோலில் மறுஆய்வு செய்யுமாறு இந்திய ஒலிம்பிக் சங்கம் ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலிடம் முறைப்படி கோர வேண்டும். இதற்கு அவர் உடலைப் பற்றி மீண்டும் ஒரு சொல்கூடப் பேச வேண்டியதில்லை; கோப்புகளைப் பார்த்தால் போதும்.

அடுத்த ஆசிய விளையாட்டுப் போட்டி ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் 2026 செப்டம்பரில் நடைபெறவிருக்கிறது. தோகாவுக்கு அது இருபதாம் ஆண்டு. 2030 காமன்வெல்த் போட்டியை அகமதாபாத்தில் நடத்த இந்தியா ஏற்றிருக்கிறது. அரங்கங்கள் கட்டுவதற்கான ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் மேசையில், பதக்கம் பறிக்கப்பட்ட ஒரு பயிற்சியாளரின் கோப்பும் வைக்கப்பட வேண்டும். தம் மகளைக் களத்துக்கு அனுப்பலாமா என்று எங்களிடம் கேட்கும் பெற்றோருக்கு நாங்கள் சொல்லும் விடை, அந்தக் கோப்பு திறக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்தே இருக்கும்.